அல்ஃப்ரெதோ காஸ்த்ரோ: சிலி நாட்டின் மேடை, திரை நடிகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த அல்ஃப்ரெதோ காஸ்த்ரோ?

1955 டிசம்பர் 19 அன்று சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் பிறந்தவர். நடிகர், நாடக இயக்குநர், நடிப்பு ஆசிரியர். உலகத் திரைப்பட விழாக்களைப் பின்தொடர்பவர்கள் அவரை 2008-ல் வந்த 'டோனி மனேரோ' படத்திலிருந்து அறிவார்கள். நெட்ஃபிளிக்ஸில் 'எல் கோந்தே' பார்த்தவர்களுக்குச் சிலியின் ராணுவச் சர்வாதிகாரி பினோசேயின் ரஷ்யப் பணியாளாக வந்த அந்த ஒடிந்த முகம் நினைவிருக்கும்.

'டோனி மனேரோ' வந்தபோது அவருக்கு வயது 52. அதனால் ஐம்பதுக்கு மேல் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தவர் என்ற எண்ணம் வெளியே பரவிவிட்டது. சிலியில் அதற்கு முன்பே முப்பது ஆண்டுகள் மேடையில் உழைத்து, ஒரு முக்கியமான நாடகக் குழுவைத் தொடங்கி நடத்தி, தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகவும் ஆகியிருந்தார். அவருடைய படங்களை மட்டும் பார்த்தால் பாதி காஸ்த்ரோதான் கிடைப்பார் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தப் பக்கத்தில் மேடைக்குத்தான் முதலிடம்.

நடிப்பை எங்கே கற்றார்?

சிலிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில். படிப்பை முடித்தது 1977-ல்.

அந்த ஆண்டை அப்படியே கடந்துபோக முடியாது. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஜனாதிபதி சால்வடோர் அலெண்டேயின் ஆட்சியைக் கவிழ்த்தபோது காஸ்த்ரோவுக்குப் பதினேழு வயது. அவர் படித்த நாடகத் துறை சாதாரணமானதல்ல. 1941-ல் பெத்ரோ தெ லா பார்ரா தன் சக மாணவர்களோடு சேர்ந்து தொடங்கிய 'சோதனை நாடக அரங்கு'தான் அதன் வேர். சிலியின் நவீன நாடகமே அங்கிருந்து கிளைத்தது என்று சொல்லலாம். பாடகராக உலகம் அறிந்த விக்டர் ஹாரா அங்கே நடிப்பும் இயக்கமும் கற்று, அந்தக் குழுவின் நாடகங்களை இயக்கியவர். ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த சில நாட்களிலேயே அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். தெ லா பார்ரா நாட்டை விட்டு வெளியேறி, 1977-ல் காரகாஸில் இறந்தார். ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள், பலர் வெளிநாடு போனார்கள். இப்படித் துடைத்தெடுக்கப்பட்ட பள்ளியில்தான் காஸ்த்ரோவின் தலைமுறை நடிப்புப் பயின்றது.

ராணுவ ஆட்சியில் நாடகம் போட முடிந்ததா?

முடிந்தது, விலை கொடுத்து. இரவு ஊரடங்கு இருந்ததால் காட்சி நேரங்களே சுருங்கின. அரசு 'பண்பாட்டு நிகழ்ச்சி' என்று ஏற்றுக்கொள்ளாத நாடகங்களுக்குப் பெரிய வரி விழுந்தது. சிறிய குழுக்களை நசுக்க அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

1977-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் சூழல் புரியும். ஹைமே வாதெல், ஹோசே மனுவேல் சால்செதோ என்ற இரண்டு நடிகர்கள் சிலிக் கவிஞர் நிக்கனோர் பார்ராவின் கவிதைகளை வைத்து, சாண்டியாகோவில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் 'ஓஹாஸ் தெ பார்ரா' என்ற நாடகத்தைப் போட்டார்கள். சில காட்சிகள்தான் நடந்தன. ஊரடங்கு நேரத்தில், தெருவில் யாரும் நடமாடவே கூடாத ஒரு இரவில், கூடாரம் தீப்பிடித்து எரிந்துபோனது. அந்த நேரத்தில் வெளியே திரிய யாருக்கு அனுமதி இருந்தது என்பது ஊருக்கே தெரியும். இந்த ஹைமே வாதெல்தான் நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு 'எல் கோந்தே'யில் பினோசேயாக நடித்தார். அந்தப் படத்தில் அவருக்குப் பணியாளாக நிற்பவர் காஸ்த்ரோ. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த இரண்டு முதியவர்களும் ஒரே சட்டகத்தில் நிற்பதன் கனம் வேறாகிவிடுகிறது.

வெளிநாட்டில் படித்தாரா?

ஆம். 1983-ல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையோடு லண்டன் இசை, நாடகக் கலைக் கல்விக்கூடத்துக்குப் போனார். 1989-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், லியோன் நகரங்களில் நாடக இயக்கம் பயின்றார். இரண்டு முறையும் திரும்பி வந்தார். 1983-ல் சிலிக்குத் திரும்புவது எளிதான முடிவல்ல.

'தியாத்ரோ லா மெமோரியா' என்றால் என்ன? அதை ஏன் எல்லோரும் இவ்வளவு முக்கியமாகப் பேசுகிறார்கள்?

1989-ல் காஸ்த்ரோ தொடங்கிய நாடகக் குழு. பெயருக்கு 'நினைவு நாடக அரங்கு' என்று பொருள். ஆட்சியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 பொது வாக்கெடுப்பில் பினோசே தோற்றிருந்தார்; 1990 மார்ச்சில்தான் பதவியை விட்டு இறங்கினார். அந்த இடைவெளியில் பிறந்த குழு இது.

அந்த நேரத்தில் நாடு முழுக்க ஒரே பேச்சு: பழையதைக் கிளறாமல் முன்னே போவோம். பினோசே தளபதியாக நீடித்தார். கொலையாளிகள் பலர் தெருவில் சுதந்திரமாக நடந்தார்கள். அப்படியிருக்க, காஸ்த்ரோ தன் குழுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் மேடையில் தலைவர்களையோ தியாகிகளையோ நிறுத்தவில்லை. யாருடைய நினைவு எந்த ஆவணத்திலும் ஏறாதோ அவர்களைத் தேடிப் போனார்: பாலியல் தொழிலில் இருந்த திருநங்கையர், உறவுக்குள் கொலை செய்து சிறைக்கும் மனநல மருத்துவமனைக்கும் போனவர்கள், ஊரின் விளிம்பில் பிழைப்பவர்கள். அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதுதான் நாடகங்களுக்கு மூலப்பொருள்.

இப்படிப் பிறந்த மூன்று நாடகங்களைச் சேர்த்துச் 'சாட்சிய முத்தொகுதி' என்கிறார்கள்.

அந்த மூன்று நாடகங்கள் எவை?

முதலாவது 'லா மன்சானா தெ அதான்' (ஆதாமின் ஆப்பிள்), 1990. புகைப்படக் கலைஞர் பாஸ் எர்ராசுரிஸும் பத்திரிகையாளர் கிளாவ்தியா தொனோசோவும் 1980-களில் சாண்டியாகோ, தால்கா நகரங்களின் விடுதிகளில் பாலியல் தொழில் செய்த திருநங்கையரோடு ஆண்டுக்கணக்கில் பழகி, படங்களும் பேச்சுகளுமாக ஒரு நூலை உருவாக்கினார்கள். போலீஸும் ராணுவமும் அந்த விடுதிகளை எப்போது வேண்டுமானாலும் தாக்கிய காலம் அது. அந்தப் பேச்சுகளை மேடைக்குக் கொண்டுவந்தார் காஸ்த்ரோ. பிழைக்க வந்த ஊரில் அடி வாங்கியது, அம்மாவுக்குப் பணம் அனுப்பியது, காதலன் ஓடிப்போனது என்று அவர்கள் சொன்னது சொன்னபடி அரங்கில் ஒலித்தது.

இரண்டாவது 'இஸ்தோரியா தெ லா சாங்ரே' (இரத்தத்தின் கதை), 1992. காதல், பொறாமை, ஆத்திரத்தில் கொலை செய்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து ரோத்ரிகோ பெரெஸ், ஃபிரான்செஸ்கா லொம்பார்தோ ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியது. 1923-ல் தன் துணைவனைக் கொன்று உடலைத் துண்டாக்கியதாகத் தண்டிக்கப்பட்ட ரோசா ஃபவுந்தேஸ் என்ற பத்திரிகை விற்கும் பெண்ணின் வழக்கும் இதில் வருகிறது. பல ஆயிரம் பேரைக் கொன்ற அரசு தண்டனையின்றி இருக்கும் நாட்டில், ஏழைகளின் தனிக்கொலைகளை மேடையேற்றுவது எவ்வளவு கூர்மையான செயல் என்று யோசித்துப் பாருங்கள். நாடகம் அதை ஒரு வரியில்கூடச் சொல்லிக்காட்டவில்லை.

மூன்றாவது 'லோஸ் தியாஸ் துயெர்தோஸ்' (ஒற்றைக்கண் நாட்கள்), 1993, தொனோசோ எழுதியது.

இக்குழுவில் இயங்கிய அம்பாரோ நொகேரா, பவ்லினா உர்ருதியா, ரோத்ரிகோ பெரெஸ், பாப்லோ ஷ்வார்ஸ் எல்லோரும் பின்னாளில் சிலி நாடகத்தின் தூண்களானார்கள். உர்ருதியா 2006 முதல் 2010 வரை நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தார்.

அந்த நாடகங்களுக்கும் பின்னால் வந்த படங்களுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சாட்சியத்தை நடிக்கும்போது நடிகருக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. சொல்பவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உருகிவிடக் கூடாது. 'இவன் கொலைகாரன்' என்று விலகி நிற்கவும் கூடாது. அவர் சொன்ன சொல்லை, மூச்சை, இடையில் விட்ட மௌனத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். காஸ்த்ரோ இதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், தானும் பழகினார். பின்னால் திரையில் கொலைகாரனையும் கோழையையும் குற்றவாளிப் பாதிரியாரையும் அவர் நடித்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

செவ்வியல் நாடகங்களைத் தொட்டதுண்டா?

உண்டு. 1992-ல் சிலிக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக அரங்குக்காக 'லியர் மன்ன'னை இயக்கினார். மொழிபெயர்த்தவர் நிக்கனோர் பார்ரா. இயற்பியல் பேராசிரியரும், அலங்காரத்தை உதறி அன்றாடப் பேச்சில் எழுதும் 'எதிர்கவிதை'யின் தந்தையுமான பார்ரா, ஷேக்ஸ்பியரைச் சிலித் தெருவின் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்திருந்தார். லியராக நடித்தவர் எக்தோர் நொகேரா, அம்பாரோவின் தந்தை. பிரிட்டிஷ் நாடகாசிரியர் சாரா கேனின் '4.48 சைக்கோசிஸ்' நாடகத்தையும் சிலி மேடைக்குக் கொண்டுவந்தார்.

தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தது அவருக்குப் பெருமையா, பிழைப்பா?

இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அரசுத் தொலைக்காட்சியான டிவிஎன், இயக்குநர் விசென்தே சபாத்தினியின் தலைமையில் 1990-களின் இறுதியிலிருந்து பெரிய நெடுந்தொடர்களை எடுத்தது. ஸ்டூடியோ வரவேற்பறைகளை விட்டு வெளியேறி, சீலோயே தீவுக்கும் வடக்குப் பாலைவனத்து வெடியுப்புச் சுரங்க ஊர்களுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன தொடர்கள். 'லா ஃபியேரா' (1999), 'ரொமானே' (2000), 'பாம்பா இலுசியோன்' (2001), 'லோஸ் பின்சேய்ரா' (2004) என்று வரிசையாக அவற்றில் காஸ்த்ரோ நடித்தார். நல்ல நடிகர்களுக்கு நிலையான சம்பளம் கொடுத்து, அவர்கள் மேடையில் துணிச்சலான வேலை செய்ய வழிவிட்ட காலம் அது. நெடுந்தொடர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

'டோனி மனேரோ' எப்படி வந்தது?

இயக்குநர் பாப்லோ லாராயினின் முதல் படம் 'ஃபூகா' (2006). அதில் காஸ்த்ரோவுக்கு ஒரு வேடம். இரண்டாவது படத்தின் திரைக்கதையை லாராயின், காஸ்த்ரோ, மதேயோ இரிபார்ரென் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். அதுதான் 'டோனி மனேரோ'.

கதை நடப்பது 1978-ல் சாண்டியாகோவில். ரவுல் பெரால்தா ஐம்பதைத் தாண்டியவன். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் டிரவோல்டா நடித்த டோனி மனேரோவாகவே தான் மாறிவிட வேண்டும் என்பது அவன் வெறி. திரையரங்கில் திரும்பத் திரும்ப அதே படம், வசனங்கள் மனப்பாடம். டோனி மனேரோ போல நடனமாடும் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயிப்பதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வான். தெருவில் வழிப்பறிக்கு ஆளான மூதாட்டியை வீடு வரை துணைக்குக் கொண்டுபோய் விடுகிறான். அவள் வீட்டில் கலர் டிவி இருக்கிறது. அடித்துக் கொன்றுவிட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அடுத்த வாரம் திரையரங்கில் படத்தை மாற்றி 'கிரீஸ்' போட்டுவிடுகிறார்கள். அதற்கும் உயிர் போகிறது.

காஸ்த்ரோவின் முகத்தில் இத்தனைக்கும் ஒரு சலனம் கிடையாது. கொலை செய்யும்போது இருக்கும் அதே முகம்தான் கால்சட்டைக்குப் பொத்தான் தைப்பதைப் பார்க்கும்போதும் இருக்கிறது. அவன் வெளியே நடமாடும் தெருக்களில் ரகசியப் போலீஸ் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களை வேட்டையாடுகிறது. ரவுலுக்கு அரசியலே கிடையாது. ஆனால் அந்த ஆட்சி எப்படிப்பட்ட மனிதனுக்கு வசதியாக இருந்தது என்பதை அவனைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை. வெளிநாட்டு மோகம், தொலைக்காட்சி வெற்றி, தண்டனை கிடைக்காது என்ற நிச்சயம் மூன்றும் ஒரே உடம்பில்.

படம் 2008-ல் கான் விழாவின் 'இயக்குநர்களின் இருவாரம்' பிரிவில் திரையிடப்பட்டது. டுரின் விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டு விருதுகளும் வந்தன.

'போஸ்ட் மார்ட்டம்' உண்மைக் கதையா?

ஒரு பெயர் உண்மை. அலெண்டேயின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் மரியோ கோர்னெஹோ என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு லாராயின் மற்றதைக் கற்பனை செய்தார். படம் 2010-ல் வெனிஸ் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

மரியோ, சவக்கிடங்கில் மருத்துவர் சொல்வதைத் தட்டச்சு செய்யும் எழுத்தர். எதிர்வீட்டு நடனக்காரி நான்ஸி மீது ஆசை. செப்டம்பர் 11 அன்று ஊரே புரண்டுகொண்டிருக்க அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த நாளிலிருந்து மருத்துவமனைப் படிக்கட்டுகளில் உடல்கள் குவிகின்றன. ராணுவ அதிகாரிகள் சூழ நிற்க, அலெண்டேயின் உடல் மேசைமேல் கிடக்க, குறிப்பெடுக்க வேண்டிய மரியோவுக்கு முன்னால் இருக்கும் மின்தட்டச்சுப் பொறியை இயக்கத் தெரியவில்லை. வரலாற்றின் மிகக் கனமான நிமிடத்தில் அவன் கவலை அந்தப் பொறி. காஸ்த்ரோ அங்கே கூச்சப்படும் ஒரு அரசு ஊழியரின் தோளைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். கேமரா அசையாமல் பல நிமிடங்கள் ஓடும் ஒரே காட்சி அது என்று மட்டும் சொல்கிறேன். அவர் அதில் வீட்டுச் சாமான்களைத் தூக்கி வைக்கும் விதத்தை நான் எந்த நடிப்புப் பள்ளிக்கும் பரிந்துரைப்பேன்.

'நோ' படத்தில் அவர் யார்?

லூச்சோ குஸ்மான், விளம்பர நிறுவன முதலாளி. கேல் கார்சியா பெர்னால் நடித்த இளைஞன் பினோசேயை எதிர்க்கும் 'வேண்டாம்' அணிக்கு விளம்பரம் செய்ய, அவனுடைய முதலாளியான லூச்சோ 'வேண்டும்' அணிக்கு வேலை செய்கிறார். 1988-ல் நடந்த நிஜ வாக்கெடுப்பில் 'வேண்டாம்' ஏறத்தாழ 56 சதவீதம் பெற்றது. படத்தில் தோற்ற லூச்சோ மறுவாரமே அதே இளைஞனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுகிறார். புதிய சிலியில் பழையவர்கள் எப்படித் தங்கினார்கள் என்பதற்கு அந்தச் சிரிப்பு போதும். வெளிநாட்டு மொழிப் பட ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் சிலிப் படம் இதுதான்.

எப்போதும் கெட்டவனாகத்தான் வருவாரா?

பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும். பட்டியலைப் பாருங்கள்: 'எல் குளூப்' (2015) படத்தில் திருச்சபை கடற்கரை ஊரில் ஒளித்து வைத்திருக்கும் பாதிரியார்களில் ஒருவரான விதால்; 'நெரூதா' (2016) படத்தில் கவிஞரை வேட்டையாடிய ஜனாதிபதி கொன்சாலெஸ் விதேலா; 'லோஸ் பெர்ரோஸ்' (2017) படத்தில் மனித உரிமை வழக்கை எதிர்நோக்கும் ஓய்வுபெற்ற கர்னல்.

ஆனால் வில்லன் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. 'எல் குளூப்'பின் விதால் ஒரு பந்தய நாயைக் குழந்தையைப் போல வளர்க்கிறார். அந்த அன்பு நிஜம். அவர் செய்த குற்றமும் நிஜம். இரண்டையும் ஒரே உடம்பில் காட்டி, எதை நம்புவது என்ற பொறுப்பைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறார் காஸ்த்ரோ. சிலியில் ராணுவ ஆட்சி 3,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றோ காணாமல் ஆக்கியோ போட்டது. சித்திரவதைக்கு ஆளானவர்களையும் சேர்த்து அரசு அங்கீகரித்த பாதிக்கப்பட்டோர் 40,000-க்கும் மேல். இத்தனையையும் செய்தவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டவர்கள். அவர்களைக் கொம்பு வைத்த அரக்கர்களாக நடித்தால், அது அவர்களைத் தப்பிக்க விடுவதாகும். 'எல் குளூப்' பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசான வெள்ளிக் கரடியை வென்றது.

சிலிக்கு வெளியே நடித்திருக்கிறாரா?

நிறைய. முதலில் சொல்ல வேண்டியது வெனிசுவேலா இயக்குநர் லொரென்சோ விகாஸின் 'தெஸ்தே அயா' (2015). காரகாஸில் பல்செட் செய்து பிழைக்கும் அர்மாந்தோ, தெரு இளைஞர்களைப் பணம் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருவான். தொடமாட்டான், தூரத்திலிருந்து பார்ப்பான். எதிரே நடித்த லூயிஸ் சில்வாவுக்கு அதுதான் முதல் படம். கொதிக்கும் அந்தப் பையனுக்கு முன் காஸ்த்ரோ இறுகிப்போய் நிற்கிறார். படத்தின் விசையே அந்த வித்தியாசம். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கத்தை வென்ற முதல் லத்தீன் அமெரிக்கப் படம் இது.

அர்ஜென்டினாவில் 'ரோஹோ' (2018), 'கர்னவால்' (2020), 'எல் சுப்லெந்தே' (2022). மெக்சிகோவில் 'மூசேயோ' (2018). ஸ்பெயினில் 'போல்வோ செரான்' (2024).

'தெங்கோ மியேதோ தொரேரோ'வில் அவர் நடித்தது ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

பெத்ரோ லெமெபெல் 2001-ல் எழுதிய நாவல் அது. லெமெபெல் சேரியில் பிறந்து, ஓரினக் காதலையும் வறுமையையும் இடதுசாரி அரசியலையும் ஒரே மூச்சில் எழுதியவர், 2015-ல் காலமானார். சிலி வாசகர்கள் நெஞ்சோடு வைத்திருக்கும் நூல். கதாநாயகி 'லா லோகா தெல் ஃப்ரெந்தே', வயதேறிய, பெண்கோலம் பூணும், பூவேலைப்பாடு செய்து பிழைக்கும் ஒருத்தி. 1986-ல் பினோசேயைக் கொல்ல நடந்த முயற்சிக்குத் திட்டமிடும் ஒரு இளைஞன் மீது அவளுக்குக் காதல். அவன் கொண்டுவந்து வைக்கும் பெட்டிகளில் இருப்பது புத்தகங்கள் என்று நம்ப முயல்கிறாள்.

ரோத்ரிகோ செபூல்வேதா இயக்கி 2020-ல் வந்த படத்தில் காஸ்த்ரோ அவளாக நடித்தார். திருநங்கைக் கலைஞர் ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய வேடம் என்ற கேள்வியை நான் நியாயமான கேள்வியாகவே பார்க்கிறேன். அதோடு சேர்த்து ஒன்றையும் சொல்ல வேண்டும்: 1990-ல், இந்தப் பேச்சு எதுவும் இல்லாத காலத்தில், 'லா மன்சானா தெ அதான்' வழியாக அதே பெண்களின் குரலை அரங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து லா லோகாவாக மேசைவிரிப்பை நீவி விடும்போது அந்தக் கைகளில் கேலிச்சித்திரம் துளியும் இல்லை. கல்லாகச் சமைந்த முகத்துக்குப் பேர்போன நடிகர் இங்கே முழுக்க நெகிழ்ந்து, பயந்து, ஆசைப்பட்டு, பாடி நிற்கிறார். என்னைப் பொறுத்தவரை அவருடைய மிகச் சிறந்த திரை நடிப்பு இதுதான்.

தெற்குக் கோடித் தீவான தியெர்ரா தெல் ஃபுவேகோ பற்றி இரண்டு படங்களில் நடித்தாரா?

ஆம், அவற்றை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே ஆட்டுப் பண்ணைகளுக்காகச் செல்க்னாம் என்ற பூர்வகுடி மக்களை வேட்டையாடி அழித்தார்கள். தேயோ கோர்ட் இயக்கிய 'பிளாங்கோ என் பிளாங்கோ' (2019) படத்தில் காஸ்த்ரோ, பண்ணை முதலாளியின் திருமணப் படம் எடுக்க வரும் புகைப்படக்காரர் பெத்ரோ. நல்ல ஒளிக்காகவும் நல்ல கோணத்துக்காகவும் பாடுபட்டுப் பாடுபட்டு, கடைசியில் அந்தக் கொலைகளுக்கே படம் எடுப்பவராகிறார். ஃபெலிப்பே கால்வெஸின் 'லோஸ் கொலோனோஸ்' (2023) படத்திலோ அவரே பெரும் நிலவுடைமையாளர் ஹோசே மெனேந்தெஸ், அதாவது ஆட்களை அனுப்பி வைக்கும் கை. ஒரே குற்றத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே நடிகர். சில காட்சிகளே வந்தாலும் மெனேந்தெஸின் இருப்பு படம் முழுக்க உறைந்திருக்கிறது. 'லோஸ் கொலோனோஸ்' கான் விழாவில் சர்வதேச விமர்சகர்கள் விருதைப் பெற்றது.

அவருடைய நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

எதிரே இருப்பவர் பேசும்போது அவரைப் பாருங்கள். காஸ்த்ரோவின் நடிப்பில் பாதிக்கு மேல் கேட்பதில் நடக்கிறது. கண் இமைப்பது குறைவு. தலையைத் திருப்புவதற்கு முன் கண் திரும்பாது. இரண்டும் சேர்ந்தே திரும்பும், அதனால் அவர் யாரையாவது பார்த்தாலே ஒரு முடிவெடுத்துவிட்டது போலத் தோன்றும். நடை படத்துக்குப் படம் மாறுகிறது. ரவுல் பெரால்தாவின் விரைவான குறுநடையும், லூச்சோவின் செழித்த தொந்தி நடையும், லா லோகாவின் வீட்டுச் செருப்பு நடையும் ஒருவருடையவை என்று நம்புவது கடினம்.

இப்போதும் நடிக்கிறாரா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

நடிக்கிறார். கார்லோஸ் மார்கெஸ்-மார்செட்டின் 'போல்வோ செரான்' படத்தில் ஆங்ஹெலா மொலினாவோடு வருகிறார். தீராத மூளைக்கட்டியால் அவதிப்படும் கிளாவ்தியா, ஸ்விட்சர்லாந்து சென்று தன் முடிவைத் தானே தேர்ந்தெடுக்க விரும்புகிறாள். அவளோடு சேர்ந்து சாக முடிவெடுக்கும் துணைவன் ஃபிளாவியோ இவர். நடனமும் பாட்டும் உள்ள படம். டொரண்டோ விழாவின் 'பிளாட்ஃபார்ம்' பிரிவில் 2024-ல் பரிசு பெற்றது.

புதிதாக வருபவர்கள் 'நோ'விலிருந்து தொடங்குவது சுலபம். வரலாறும் பிடிபடும், படமும் விறுவிறுப்பு. அடுத்து 'தெங்கோ மியேதோ தொரேரோ'. அதன்பின் 'டோனி மனேரோ', 'போஸ்ட் மார்ட்டம்' இரண்டையும் ஒரு வார இடைவெளி விட்டுப் பாருங்கள். ஒரே இரவில் இரண்டும் தாங்காது. 'எல் கோந்தே'யைக் கடைசிக்கு வையுங்கள். அதில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் கிராஸ்னாஃப், பினோசேயின் ரகசியப் போலீஸில் பணியாற்றி மனித உரிமைக் குற்றங்களுக்காகச் சிறையில் இருக்கும் அதிகாரி ஒருவரின் குடும்பப் பெயர். முன்னால் உள்ள படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் சிலி ரசிகர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பது விளங்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 'எல் குளூப்'பில் சிறார் மீதான பாலியல் வன்முறை பற்றிய பேச்சு விரிவாக வருவதால் அதை எடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.